4294967297: 92 ஆண்டுகள் பகா எண்ணாக நம்பப்பட்ட ஓர் எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பத்தே இலக்கங்கள்தான். இன்றைய கணினியிடம் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் 641 × 6700417 என்று பிரித்துக் காட்டிவிடும். ஆனால் 1640 முதல் 1732 வரை இது பகா எண் என்றே நம்பப்பட்டது. அப்படி நம்பியவர் பியேர் டி ஃபெர்மா. எண் கோட்பாட்டில் அவருக்கு இணையாக அன்று இன்னொருவரைச் சொல்வது கடினம்.

அவ்வளவு பெரிய அறிஞர் எங்கே சறுக்கினார்? இந்த எண் தன் காரணிகளை எப்படி ஒளித்து வைத்திருந்தது? இந்த இரண்டு கேள்விகளோடு, வேறு எந்த எண்ணையும் தொடாமல், இதை மட்டும் எடுத்துக்கொண்டு பல மாலைப்பொழுதுகள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கீழே வரும் பெருக்கல்களும் வகுத்தல்களும் பெரும்பாலும் கையால் போட்டுப் பார்த்தவை. வாசகரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை; போடாமல் படித்தால் பாதிச் சுவை போய்விடும்.

எண்ணின் பிறப்பு

2-ஐ எடுத்து இருபடியாக்குங்கள், வந்த விடையை மீண்டும் இருபடியாக்குங்கள், அப்படியே தொடருங்கள். 2, 4, 16, 256, 65536, 4294967296 என்று வரிசை வளரும். ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால்:

3, 5, 17, 257, 65537, 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதாக நிற்பது நம் எண். சுருக்கமாக எழுதினால் 2³² + 1. இரும முறையில் எழுதினால் இரு முனைகளிலும் ஒவ்வொரு 1, நடுவில் 31 சுழியங்கள். இவ்வளவு வெறுமையான உருவம் கொண்ட ஓர் எண்ணுக்குள் ஒளிந்துகொள்ள இடம் ஏது என்றுதான் முதல் பார்வையில் யாருக்கும் தோன்றும்.

சிறிய எண்களால் வகுத்துப் பார்த்தால் எதுவும் கிடைக்காது. ஒற்றை எண், ஆகவே 2 இல்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 5. 11-ஆல் வகுத்தாலும் மீதி 5. 13-ஆல் வகுத்தால் 10. வரிசையில் இதற்கு முன்னால் வந்த 3, 5, 17, 257, 65537 ஆகியவையும் இதை வகுக்காது. அதற்கு வகுத்தே பார்க்க வேண்டியதில்லை. அந்த ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 4294967295 வருகிறது, அதாவது நம் எண்ணைவிடச் சரியாக 2 குறைவு. எனவே அவற்றுள் எதனால் வகுத்தாலும் மீதி 2 தான். இந்த வரிசையை எவ்வளவு நீட்டினாலும் இந்த உறவு மாறாது. எந்த இரண்டு உறுப்புகளுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. கணித அறிஞர் கோல்ட்பாக் 1730-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதை நிறுவியிருக்கிறார். பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு இதிலிருந்தே ஓர் அழகான நிறுவல் கிடைக்கிறது: வரிசையில் முடிவில்லாத உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் வேறு எதிலும் இல்லாத ஒரு பகாக் காரணியாவது இருந்தாக வேண்டும்.

1640-ஆம் ஆண்டின் கடிதங்கள்

ஃபெர்மா துலூஸ் நகரின் நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதத்தைக் கடிதங்களில் எழுதிவந்தார். 1640-இல் சக கணித ஆர்வலர் பிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வரிசையைத் தருகிறார். அதில் 4294967297 இருக்கிறது, அதற்கு அடுத்த 18446744073709551617-உம் இருக்கிறது. எல்லாமே பகா எண்கள் என்று தாம் ஏறத்தாழ உறுதியாக நம்புவதாகச் சொல்கிறார். முழு நிறுவல் கைவசம் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனால் பெருந்தொகையான காரணிகளைப் பிழையற்ற முறையில் விலக்கிவிட்டதாகவும், தம் கருத்தைத் திரும்பப் பெறுவது தமக்குக் கடினம் என்றும் எழுதுகிறார்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் உலுக்கியது அந்த ஆண்டுதான். அதே 1640-இன் ஜூன் மாதத்தில் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில், 2³⁷ − 1 என்ற பன்னிரண்டு இலக்க எண்ணை 223 வகுக்கிறது என்று ஃபெர்மா காட்டியிருந்தார். குருட்டாம்போக்கில் அடித்த அடி அல்ல அது. அந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 74-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று கண்டுபிடித்து, அந்தப் பட்டியலை மட்டும் சோதித்தார். 75 பகா எண் அல்ல, 149 வகுக்கவில்லை, 223 வகுத்தது. இரண்டாவது பகா எண்ணிலேயே அகப்பட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் பிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில், இன்று அவருடைய சிறிய தேற்றம் என்று வழங்கும் உண்மையையும் சொல்லிவிட்டார்: ஒரு பகா எண் வகுக்காத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தினால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 தான்.

அதாவது பூட்டைத் திறக்கும் சாவி அவர் கையிலேயே இருந்தது.

முதலில் கோல்ட்பாக், பிறகு ஆய்லர்

89 ஆண்டுகள் கழித்து, 1729 டிசம்பரில், கோல்ட்பாக் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பின்குறிப்பாக ஒரு கேள்வி: இந்த வரிசையின் எண்கள் எல்லாம் பகா எண்கள் என்று ஃபெர்மா சொன்னதை அறிவீர்களா, அதை யாரும் நிறுவியதாகத் தெரியவில்லையே என்று கேட்டார். ஆய்லருக்கு அப்போது 22 வயது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் இருந்தார். முதலில் அவர் அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. எண் கோட்பாட்டின் பக்கம் ஆய்லரைத் திருப்பியவர் என்ற பெருமை கோல்ட்பாக்குக்கு உண்டு என்றால், அதில் இந்தப் பின்குறிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

1732-இல் ஆய்லர் தமது ஆய்வுரையில் அறிவித்தார்: 4294967297-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது.

6542-இலிருந்து 1 வரை

641 எப்படி அகப்பட்டது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

எந்தத் தந்திரமும் தெரியாதவர் என்ன செய்வார்? நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ மயிரிழையில் தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்கள் 6542. எண் உண்மையிலேயே பகா எண்ணாக இருந்திருந்தால் 6542 வகுத்தல்களையும் செய்து முடிக்க வேண்டியிருக்கும். 641 என்பது 116-ஆவது பகா எண். ஆகவே வரிசைப்படி வகுத்துக்கொண்டே போனவருக்கு 116-ஆவது வகுத்தலில் விடை கிடைத்திருக்கும். பத்து இலக்க எண்ணை 116 முறை வகுப்பது சில நாள் வேலை, அவ்வளவுதான். 92 ஆண்டுகளில் யாரும் அதைச் செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆய்லர் அந்த 116-ஐ 5 ஆக்கும் வழியைப் பின்னர் நிறுவிக் காட்டினார். ப என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுக்கும்போது ஒன்று குறைகிறது. அதாவது மீதி −1. அதை இருபடியாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே ஓரோர் அடியாக நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மீதி முதன்முதலாக 1-ஐத் தொடும் அடி எது? அந்த அடியின் எண் 64-ஐ வகுத்தாக வேண்டும். அது 64-ஐவிடச் சிறியதாக இருந்தால் 32-ஐயும் வகுத்துவிடும். அப்போது 32-ஆவது அடியில் −1 வராமல் 1 வந்திருக்கும். எனவே முதல் தொடுகை சரியாக 64-ஆவது அடியில்தான். ஃபெர்மாவின் தேற்றப்படி, ஒன்று குறைந்த ப-ஆவது அடியிலும் மீதி 1. ஆகவே ப − 1 என்பது 64-இன் மடங்கு. காரணி ஒன்று இருந்தால் அது 64க + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (க ஒரு முழு எண்).

பட்டியலை எழுதுவோம்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து. பத்து இலக்க எண்ணை அப்படியே வகுக்கவும் தேவையில்லை. 65536-ஐ வகுத்து மீதியை எடுத்து, அதை இருபடியாக்கி, 1 கூட்டி, மீண்டும் மீதி பார்த்தால் போதும்.

193: 65536-இன் மீதி 109. 109² = 11881, அதன் மீதி 108. ஒன்று கூட்ட 109. வகுபடவில்லை.
257: மீதி 2 என்று முன்பே பார்த்தோம்.
449: 65536 அதன் மடங்குக்கு 18 குறைவு. 18² = 324. ஒன்று கூட்ட 325. வகுபடவில்லை.
577: மீதி 335. 335² = 112225, அதன் மீதி 287. ஒன்று கூட்ட 288. வகுபடவில்லை.
641: 65536 = 102 × 641 + 154. 154² = 23716. ஒன்று கூட்ட 23717. அது 37 × 641.

கடைசி வரியை எழுதி முடித்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். முழுக் கணக்கும் அரைமணி நேரம் கூட எடுக்கவில்லை. 223-ஐ இரண்டாவது முயற்சியில் பிடித்த ஃபெர்மா, ஐந்தாவது முயற்சியில் கிடைத்திருக்க வேண்டிய 641-ஐத் தவறவிட்டார். அவர் இந்த ஐந்தையும் சோதிக்காமல் விட்டிருப்பார் என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை. எங்கோ ஒரு வகுத்தலில் ஓர் இலக்கம் பிசகியிருக்கும், 3, 5, 17, 257, 65537 என்ற அந்த ஐந்து எண்களின் வசீகரத்தில் திரும்பச் சரிபார்க்கத் தோன்றியிருக்காது என்றே நான் கருதுகிறேன்.

1878-இல் லூக்கா என்ற கணித அறிஞர் பட்டியலை இன்னும் பாதியாக்கினார். 64க + 1 வடிவப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1. அத்தகைய பகா எண் ஒவ்வொன்றுக்கும், இருபடியாக்கினால் 2 என்ற மீதி தரும் ஓர் எண் உண்டு. 2 தன் பயணத்தில் 1-ஐத் தொட 64 அடிகள் நடக்கிறது என்றால், அந்த எண் 128 அடிகள் நடக்க வேண்டும். ஆகவே காரணிகள் 128க + 1 வடிவம் கொண்டவை. இப்போது பட்டியல்: 129, 257, 385, 513, 641. பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257 நம் வரிசையின் உறுப்பு என்பதால் தானாகவே விலகிவிடுகிறது. மிஞ்சும் முதல் எண்ணே விடை.

வகுக்காமலே காட்டலாம்

641-ஐ அறிந்த பிறகு அது ஏன் வகுக்கிறது என்பதற்கு இரண்டு வரி நிறுவல் ஒன்று உண்டு. நான் பார்த்த எண் கணித நிறுவல்களில் இவ்வளவு சிக்கனமானவை சிலவே.

641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி 5 × 2⁷ என்பது 641-ஆல் வகுக்கும்போது −1 என்ற மீதியைத் தரும். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவது சமன்பாட்டின்படி 5⁴-க்கும் −2⁴-க்கும் மீதி ஒன்றே. மாற்றி வைத்தால் −2³²-இன் மீதி 1. ஆகவே 2³² + 1-இன் மீதி சுழியம்.

640 என்பது 5 × 128 ஆகவும், 641 என்பது 625 + 16 ஆகவும் ஒரே நேரத்தில் அமைந்தது ஒரு தற்செயல். அந்தத் தற்செயல்தான் ஃபெர்மாவின் ஊகத்தைச் சாய்த்தது.

மற்றொரு காரணி பகா எண்தானா?

4294967297 ÷ 641 = 6700417. இதை மேலும் பிரிக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. இதற்கும் லூக்காவின் வடிவமே போதும். 6700417-இன் எந்தப் பகாக் காரணியும் நம் எண்ணின் காரணியே; ஆகவே அதுவும் 128க + 1 வடிவில்தான் இருக்கும். வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில். அதுவரை அந்த வடிவில் பகா எண்கள், 257-ஐ விட்டால், நான்கு மட்டுமே: 641, 769, 1153, 1409. வகுத்தால் முறையே 44, 120, 334, 622 என்று மீதிகள் வருகின்றன. நான்கும் வகுக்கவில்லை. 6700417 பகா எண். 67 லட்சத்தைத் தாண்டிய ஓர் எண்ணைப் பகா எண் என்று நான்கே வகுத்தல்களில் உறுதி செய்ய முடிகிறது!

பொய் சொல்லும் சாட்சி

ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தையே சோதனையாகப் பயன்படுத்தியிருந்தால், காரணி எதையும் தேடாமலே இது பகு எண் என்று தெரிந்திருக்கும். நம் எண் பகா எண்ணாக இருந்தால், ஏதாவது ஓர் எண்ணை 4294967296-ஆவது அடுக்குக்கு உயர்த்தி வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். அடுக்கு மலைக்க வைப்பது போல இருந்தாலும் அது 2³² தான். எடுத்த எண்ணை 32 முறை இருபடியாக்கினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் பத்து இலக்கங்களைத் தாண்டாது.

எந்த எண்ணை எடுப்பது? யாராக இருந்தாலும் கை முதலில் 2-க்குத்தான் போகும். அங்கேதான் இந்த எண் ஏமாற்றுகிறது. 2-ஐ ஐந்து முறை இருபடியாக்கினால் 2³², அதன் மீதி −1. ஆறாவது முறை 1. அதற்குப் பிறகு எத்தனை முறை இருபடியாக்கினாலும் 1 தான். சோதனை வெற்றி! 2-ஐச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் இது பகா எண் என்றே சாட்சி சொல்கிறது. இந்தச் சோதனையைக் கடுமையாக்கி இன்று கணினிகள் பயன்படுத்தும் வடிவத்திலும், நடுவில் −1 வந்துவிட்டதால், 2 அதே பொய்யைத்தான் சொல்கிறது. நம் வரிசையின் எல்லா எண்களுக்கும் இது பொருந்தும். பகா எண்ணாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2 சொல்வது ஒன்றே.

3-ஐ எடுத்திருந்தால்? 32 இருபடிகளுக்குப் பிறகு மீதி 3029026160. வந்திருக்க வேண்டியது 1. ஒரே அடியில் விவகாரம் முடிந்திருக்கும். 1877-இல் பெப்பான் இதை இன்னும் கூர்மையாக்கினார்: வரிசையின் எண் (முதலாவதான 3-ஐத் தவிர) பகா எண்ணாக இருந்தால், கடைசி இருபடிக்கு முந்திய மீதி −1 ஆக இருக்க வேண்டும், −1 ஆக இருந்தால் அது பகா எண்ணேதான். நம் எண்ணுக்கு 31 இருபடிகளுக்குப் பிறகு வரும் மீதி 10324303. ஒன்று குறைந்த நம் எண்ணான 4294967296-க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. (10324303-ஐ ஒரு முறை இருபடியாக்கி மீதி எடுத்தால் மேலே சொன்ன 3029026160 வருகிறது. இந்த ஓர் அடியை மட்டும் கையால் சரிபார்த்தேன். மற்ற 31-ஐக் கணினியிடம் விட்டுவிட்டேன்.)

எத்தனை பொய்ச் சாட்சிகள் இருக்கின்றன என்பதையும் துல்லியமாக எண்ணலாம். 641 − 1 = 128 × 5. 6700417 − 1 = 128 × 52347. இரண்டிலும் 2-இன் அடுக்கு 128 மட்டுமே. மீதமுள்ளவை ஒற்றை எண்கள். ஆகவே ஒவ்வொரு காரணிக்கும் 128 பொய்யான மீதிகள், மொத்தம் 128 × 128 = 16384. 1 முதல் 4294967296 வரை உள்ள சாட்சிகளில் 16384 பேர் மட்டுமே பொய் சொல்பவர்கள். 262144 பேருக்கு ஒருவர். அத்தனை அரிதான பொய்யர்களில், எல்லோரும் முதலில் அழைக்கும் 2-உம் ஒருவர் என்பதுதான் இந்த எண்ணின் ஆழமான குணம் என்று எனக்குப் படுகிறது. அது தற்செயலும் அல்ல. எண்ணே 2-ஆல் கட்டப்பட்டது. கட்டியவரிடமே கட்டடத்தின் குறையைக் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

பக்கத்து வீடுகள்

ஒன்று குறைந்தால் 4294967296, 2-இன் அடுக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. 32 பிட்டுகளில் எழுதக்கூடிய எண்களின் எண்ணிக்கை இது. நம் எண்ணை 32 பிட்டுக்குள் அடைக்க முயன்றால் தலைப்பக்க 1 உதிர்ந்து வெறும் 1 மட்டும் நிற்கும். ஒன்று கூடினால் 4294967298 = 2 × 3 × 715827883.

இரண்டு குறைந்தால் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. இது தனிச்சிறப்புள்ளது. 1796-இல் 18 வயது காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரைய முடியும் என்று நிறுவினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது இந்த வரிசையின் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும் என்பது முழு விதி. வேறு எதற்கும் இயலாது என்ற பகுதியை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். ஐந்து பகா எண்களிலிருந்து இப்படி 31 ஒற்றை எண்கள் கிடைக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது 4294967295. நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால் 31 என்பது 63 ஆகியிருக்கும். 641-இன் 640-க்குள் நுழைந்துவிட்ட அந்த 5 தான், 641 பக்கப் பலகோணத்தைக்கூட வரைய விடாமல் தடுக்கிறது.

வரிசையில் அடுத்தவர்களைப் பற்றிச் சுருக்கமாக. 18446744073709551617-ஐ 1880-இல் எண்பது வயதைக் கடந்த லாண்ட்ரி 274177 × 67280421310721 என்று பிரித்தார். அதற்கு அடுத்த 39 இலக்க எண் 1970 வரை பிரிபடாமல் இருந்தது. 2-ஐ 20 முறை இருபடியாக்கி ஒன்று கூட்டி வரும் 315653 இலக்க எண் பகு எண் என்பது உறுதி. ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை. 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்ணும் இந்த வரிசையில் அகப்படவில்லை. 33 முறை இருபடியாக்கி ஒன்று கூட்டி வரும் எண்ணில் 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள். அது பகா எண்ணா, பகு எண்ணா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இரண்டு முகங்கள்

கடைசியாக, இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

4294967297 = 65536² + 1². இது எண்ணின் பிறப்பிலேயே உள்ள வடிவம். இரு இருபடிகளின் கூட்டாக எழுதக்கூடிய பகா எண்ணை ஒரே ஒரு விதத்தில்தான் அப்படி எழுத முடியும். இரண்டாவது விதம் ஒன்று அகப்பட்டுவிட்டால் எண் பகு எண். பெரிய எண்களைச் சோதிக்க ஆய்லர் விரும்பிக் கையாண்ட வழி இது. நம் எண்ணுக்கு அந்த இரண்டாவது முகம் இருக்கிறது:

4294967297 = 62264² + 20449²

62264² = 3876805696. 20449² = 418161601. கூட்டினால் சரியாக வருகிறது. 20449 தானும் 143-இன் இருபடி என்பது கூடுதல் அழகு.

இரண்டு முகங்களையும் எதிரெதிரே வைத்தால் காரணிகள் தாமாக வெளியே வருகின்றன. பெரிய எண்களின் வித்தியாசம் 65536 − 62264 = 3272. சிறியவற்றின் வித்தியாசம் 20449 − 1 = 20448. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. இனிக் கூட்டல்கள்: 65536 + 62264 = 127800; 20449 + 1 = 20450. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. அவற்றின் இருபடிகளைக் கூட்டினால் 16 + 625 = 641!

20449-ஐத் தேடிப் பிடிப்பது 641-ஐத் தேடுவதைவிடப் பல மடங்கு கடினம். கண்டுபிடிக்கும் வழியாக இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் 641 ஏன் அங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டவில்லை. 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இரு இருபடிக் கூட்டுகளைப் பெருக்கினால் மீண்டும் இரு இருபடிகளின் கூட்டே வரும், அதுவும் இரண்டு விதமாக வரும் என்ற முற்றொருமையை 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் இன்னும் பொதுவான வடிவில் தந்திருக்கிறார். அதன்படி நான்கு பெருக்கல்கள் போதும்:

25 × 2556 = 63900
4 × 409 = 1636
25 × 409 = 10225
4 × 2556 = 10224

முதல் இரண்டைக் கழித்து, மற்ற இரண்டைக் கூட்டினால் 62264, 20449. முதல் இரண்டைக் கூட்டி, மற்ற இரண்டைக் கழித்தால் 65536, 1. 63900-உம் 1636-உம் சேர்ந்து 2-இன் தூய அடுக்கு ஒன்றாகின்றன. 2³²-ஐ அடுத்து ஃபெர்மா எழுதிய அந்த ‘+ 1’, இந்தத் தாளில் 10225-இலிருந்து 10224-ஐக் கழித்தபோது கிடைத்த மீதமாக நிற்கிறது.